மணி டச்சு பேசிய வருஷம்

கல்லறை வாசலில் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றதைப் பார்த்ததும் அம்மா இடுப்பிலிருந்த மீன்கூடையை அப்படியே தரையில் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. தம்பி மணியை ஒரு கையில் பிடித்தாள், என்னை இன்னொரு கையில் பிடித்தாள், வந்த வழியே திரும்ப ஓடினாள். மணிக்கு அப்போது கால் சொன்ன பேச்சு கேட்காது. பாதி தூரம் நடந்தான், பாதி தூரம் இழுபட்டான்.

வேனிலிருந்து உயரமான ஒரு வெள்ளைக்கார அம்மாவும் அவர் கணவரும் இறங்கி நின்றார்கள். டச்சு நாட்டிலிருந்து வந்திருக்கிறார்கள், அந்தக் காலத்தில் பழவேற்காட்டில் செத்துப்போன தங்கள் ஊர்க்காரர்களின் சமாதிகளைப் பார்க்க, என்று வேன் டிரைவர் டீக்கடையில் சொல்லியிருக்கிறார். அது போதாதா? நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பாதித் தெரு அங்கே கூடிவிட்டது.

அம்மா மணியைக் கொண்டுபோய் அந்த அம்மாவுக்கு நேர் எதிரே நிறுத்தினாள்.

"பேசுடா கண்ணு," என்றாள். "அவங்க ஊரு ஆளுங்கதான் வந்துகிறாங்க. பேசு."

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஏனென்றால் அந்த ஒரு வருஷமாக, எங்கள் ஊரைப் பொறுத்தவரை, மணி டச்சு பேசிக்கொண்டிருந்தான்.

நண்டைப் பற்றி ஒரு கேள்வி

அவன் டச்சு பேச ஆரம்பித்த கதைக்குப் போகுமுன் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். வாராவாரம் இந்தப் பத்தியில் மீனைப் பற்றியே எழுதித் தள்ளுகிறேனாம். கெளுத்தி வந்துவிட்டது, மடவை வந்துவிட்டது, கருவாடு இரண்டு வாரம் நாறிவிட்டது. "பழவேற்காட்டுக்காரி என்கிறீர்கள், நண்டைப் பற்றி ஒரு வரி இல்லையே" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். சின்ன வயதில் நிறுத்தியதற்குப் பிறகு நான் நண்டு தின்றதில்லை. இறாலும் தின்றதில்லை. எங்கள் வீட்டுக்கு நண்டும் இறாலும்தான் சோறு போட்டன என்பது வேறு விஷயம்.

எங்களுக்கு வலை கிடையாது, படகு கிடையாது. கைதான் எல்லாம். ஏரியில் மார்பளவுத் தண்ணீரில் இறங்கி, பனையோலையில் முடைந்த பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் அடிச்சேற்றைத் தடவிக்கொண்டே போவார்கள். விரலில் இறால் தட்டுப்பட்டதும் அமுக்கிப் பறியில் போட வேண்டும். நண்டென்றால் இன்னும் உஷாராகப் பின்பக்கமாகப் பிடிக்க வேண்டும். நைனா இதில் கில்லாடி. எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கையில் நண்டு கடித்த தழும்பு இல்லாத விரல் கிடையாது, ஆனாலும் கில்லாடி.

மணியும் அப்படித்தான் வருவான் என்று நினைத்தோம். ஏழெட்டு வயதிலேயே கரையோரம் தடவி ஒரு குழம்புக்கு ஆகிற இறாலைக் கொண்டுவந்துவிடுவான். பிறகு ஒரு மழைக்காலத்தில் அவன் பறி காலியாக வர ஆரம்பித்தது.

"இறாலு கைக்கு வருது நைனா, நிக்க மாட்டேங்குது," என்றான்.

"உன் கைதான்டா நிக்கல. இறாலு இன்னா பண்ணும்," என்று நைனா சிரித்தார். கிண்டலுக்குச் சொன்னார், ஆனால் அதுதான் நிஜமாக இருந்தது.

டச்சுக்காரன் பிடித்தான்

கைக்குப் பிறகு எழுத்து போனது. முத்து முத்தாக எழுதிக்கொண்டிருந்தவன் கோழி கிளறியது மாதிரி எழுதினான். திமிர் என்று வாத்தியார் அடித்தார். பிறகு எச்சில் ஒழுக ஆரம்பித்தது. நடை கோணியது, பள்ளிக்கூடம் போகும்போது கல்லறைச் சுவரைப் பிடித்துக்கொண்டே போவான். கடைசியில் பேச்சு. நாக்கு தடித்து, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வெளியே வந்தன. அம்மாவுக்கே புரியாது. எனக்கு மட்டும் புரியும், எந்நேரமும் அவன் பக்கத்திலேயே கிடந்தவள் நான்.

அந்தக் கல்லறையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். வாசலில் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். உள்ளே பெரிய பெரிய சமாதிகள். டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டிக்கொண்டு, எங்கள் பக்கத்துத் துணியைக் கப்பலில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில் செத்தவர்கள். அதில் சின்னதாக ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துதான் நானும் மணியும் கொடுக்காப்புளி தின்போம். அது ஒரு குழந்தையின் கல் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் குழந்தை என்ன நோயில் போயிருக்கும் என்று அப்போது நான் யோசித்ததில்லை. பிற்காலத்தில் நிறைய யோசித்திருக்கிறேன்.

ஆந்திரா பக்கத்திலிருந்து ஒரு மந்திரக்காரர் வந்தார். மணியை உட்காரவைத்துப் பேசச் சொன்னார், கண்ணை மூடிக் கேட்டார்.

"தினம் அந்தச் சுவத்தைத் தொட்டுத் தொட்டுப் போனான்ல? உள்ளாற இருந்தவன் தொத்திக்கினான். பேச்சைக் கேளு. தமிழா இது? தெலுங்கா? அவன் பாஷையில பேசறான்," என்றார்.

எங்கள் தெருவுக்கு இது பெருமையாகக்கூட இருந்தது. லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து ஆட்கள் படகேறி மணியைக் கேட்க வந்தார்கள். ஒரு பெண் காணாமல் போன தன் வீட்டு வலை எங்கே இருக்கிறது என்று அவனிடம் கேட்டாள். மணி மெதுவாக என்னவோ சொன்னான்.

"தண்ணி வோணும்ன்றான்," என்றேன் நான்.

"நீ சும்மா இருடி. உனக்கு டச்சு தெரியுமா?" என்று அதட்டினாள் அவள்.

மந்திரக்காரர் செப்புத் தகட்டில் கிறுக்கி மணியின் கையில் கட்டினார். இன்னொரு தகட்டைக் குடத்தில் போட்டு, ஊறிய தண்ணீரைத்தான் அவன் குடிக்க வேண்டும் என்றார். அம்மா தன் பங்குக்கு, நைனா கொண்டுவரும் நண்டில் சினை நண்டாகப் பொறுக்கித் தினமும் ரசம் வைத்தாள். சளி பிடித்தாலும் காய்ச்சல் வந்தாலும் பிள்ளை பெற்றாலும் எங்களுக்கு நண்டு ரசம்தான் மருந்து. விற்கிற நண்டை வீட்டுக்கு எடுப்பது லேசான காரியம் இல்லை. ஆனால் எனக்கு மேலே ஒரு அண்ணன் பிறந்து மஞ்சள் காமாலையில் போயிருந்தான். இன்னொரு பிள்ளையைக் கொடுக்க அம்மா தயாராக இல்லை.

தொப்பி

இப்போது கல்லறை வாசலுக்கு வருவோம்.

மணி அந்த வெள்ளைக்கார அம்மாவை அண்ணாந்து பார்த்தான். பேசினான், கொஞ்சம் நீளமாகவே பேசினான். அவர் குனிந்து, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, அக்கறையாகக் கேட்டார். பிறகு கணவரைப் பார்த்தார். கணவர் உதட்டைப் பிதுக்கினார். டிரைவர் இங்கிலீஷில் அவர்களிடம் கேட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஒரு எழுத்துகூட புரியலையாம். இது எங்க பாஷை இல்லன்றாங்க."

"பழைய டச்சா இருக்கும்பா," என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார்.

அம்மா அவரைக் கவனிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். அந்த வருஷத்திலேயே முதல் தடவையாக என்னைக் கேட்டாள்: "அவன் இன்னாதான்டி சொல்றான்?"

"அந்தம்மா தொப்பி சோக்காகீதுன்றான். ஒரு தபா போட்டுப் பாத்துட்டுக் குடுத்துடறானாம்."

சொல்லிவிட்டு நான் தொப்பியைக் காட்டி, மணியின் தலையைக் காட்டினேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே தொப்பியைக் கழற்றி அவன் தலையில் வைத்தார். மணியின் முகம் கோணிக்கொண்டே மலர்ந்தது. தலையை ஆட்டி ஆட்டிக் காட்டினான்.

"எம் புள்ள தமிழுதான் பேசறான்," என்றாள் அம்மா, தனக்குத்தானே. பிறகு கூட்டத்தைப் பார்த்து, தெருமுனை வரை கேட்கிற குரலில் சொன்னாள்: "பேயும் இல்ல, பிசாசும் இல்ல. எம் புள்ள தமிழுதான் பேசறான், நாக்குதான் வரல. நாக்கு வரலனா டாக்டருகிட்டதான் இட்டுக்கினு போவணும்."

எனக்கு அந்த நிமிஷத்தில் குதிக்க வேண்டும்போல் இருந்தது. ஒரு வருஷமாக நான் சொன்னதுதானே அது! அன்றைக்கே பொன்னேரி பஸ். அங்கே பார்த்துவிட்டு, சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். தொப்பியை அந்த அம்மா திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. மணி அதைப் போட்டுக்கொண்டே ரயிலேறினான்.

கண்ணில் ஒரு வளையம்

ஆஸ்பத்திரியில் வயதில் சின்னவராக இருந்த ஒரு டாக்டரம்மா மணியை நடக்கச் சொன்னார், விரலை நீட்டச் சொன்னார், மோவாயை ஒரு கருவியின் மேல் வைத்து விளக்கை அடித்துக் கண்ணைப் பார்த்தார். பார்த்தவர் எழுந்து வெளியே ஓடினார். நாலைந்து டாக்டர்களோடு திரும்பி வந்தார். ஒவ்வொருவராகக் குனிந்து மணியின் கண்ணைப் பார்த்தார்கள். நானும் கேட்டேன், என்னையும் பார்க்க விட்டார். கருவிழியின் ஓரத்தில், சுற்றிலும், பழுப்பும் தங்கமும் கலந்த ஒரு வளையம் இருந்தது.

"எம் புள்ள இன்னா வேடிக்கைப் பொருளா?" என்றாள் அம்மா.

டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் சந்தோஷம். "கோச்சுக்காதீங்கம்மா. அப்பா அம்மாகிட்டருந்து குழந்தைக்கு வர்ற மூளை நோய்ங்க எத்தனையோ இருக்கு. நாளாக ஆக மூளை கெட்டுக்கிட்டே போகும். பேரைச் சொல்லிட்டுக் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறதுதான் எங்க வேலையா இருக்கும். இந்த வளையம் இருந்தா அது வேற நோய். அபூர்வமா வரும், ஆனா இதுக்கு மாத்திரை இருக்கு."

நாம் தின்கிற சாப்பாட்டில் கொஞ்சம் செம்பு இருக்குமாம். வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை ஈரல் வெளியே தள்ளிவிடுமாம். மணிக்கு அந்தத் தள்ளுகிற வேலை நடக்கவில்லை. ஈரலில் சேர்ந்து, மூளையில் சேர்ந்து, கண்ணிலும் வந்து படிந்திருக்கிறது.

"செம்புன்னா, பாத்திரம் செய்யற செம்பா?" என்று கேட்டார் நைனா.

"அதேதான். இவன் என்ன சாப்பிடுறான்?"

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள். சினை நண்டு, இறால், நண்டு ரசம், வாரம் ஒரு தடவை ஆட்டு ஈரல். டாக்டரம்மாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. செம்பு அதிகம் இருக்கிற சாப்பாடு எது எது என்று அவர் சொல்ல வேண்டியதையெல்லாம் அம்மா வரிசையாகச் சொல்லி முடித்திருந்தாள். கடைசியில் அவர் மணியின் கையிலிருந்த செப்புத் தகட்டைப் பார்த்தார். அது ஊறிய தண்ணீரின் கதையை நைனா சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, அம்மாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"பெரியவனுக்கும் மஞ்சக்காமாலைல நண்டு ரசம்தான் குடுத்தேன்," என்றாள் அம்மா.

"நண்டால வந்த நோய் இல்லம்மா இது. அவனுக்கும் இதேதான்னா, அவன் பொறக்கும்போதே கூட வந்தது. நீங்க நல்லதுன்னு நினைச்சுதானே குடுத்தீங்க."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு அழ நேரம் கொடுத்துவிட்டு டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார், "சொந்தத்துல கல்யாணமா?"

சொந்தம்தான். நைனாவின் அக்கா மகள் அம்மா. தாய்மாமன் இருக்க வெளியில் பெண் கொடுப்பார்களா? கொடுத்தால் சொத்து வெளியே போய்விடுமாம். எங்கள் சொத்து இரண்டு பறி.

"எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணியும் இல்லையேம்மா," என்றார் நைனா.

"உங்க ரெண்டு பேர்கிட்டயும் பாதி பாதி இருக்கு. பாதி இருந்தா ஒண்ணும் பண்ணாது. ரெண்டு பாதியும் ஒரே புள்ளைகிட்ட போய்ச் சேந்தா நோய். சேரலாம், சேராமலும் போகலாம். நெருங்கின சொந்தத்துல சேர வாய்ப்பு ஜாஸ்தி." சொல்லிக்கொண்டே அவர் என்னைப் பார்த்தார். "இந்தப் பாப்பாவையும் பாக்கணும்."

மணியைச் சில நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு சின்னப் பெண் படுத்திருந்தாள். ஓடி விளையாடிக்கொண்டிருந்தவளாம். பேச்சு போய், நடை போய், பார்வையும் போய்க்கொண்டிருந்தது. அவளுடைய நோய்க்கும் பெயர் இருந்தது, மருந்து இல்லை. அவளுடைய அம்மா எங்கள் மாத்திரை டப்பாவைக் கேட்டு வாங்கி, கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

கேன் வைத்தவளுக்கு இடம்

என்னைச் சோதிக்க ரத்தம் எடுத்தார்கள். அது போதாதென்று ஒரு பகல் ஒரு ராத்திரி முழுக்க நான் போகிற சிறுநீரைச் சொட்டு விடாமல் பிடித்துக் கொண்டுவரச் சொன்னார்கள். ஊரில் பிடித்து, ஒரு பெரிய வெள்ளைக் கேனில் மூடி, அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தாள். பொன்னேரியில் ரயிலேறினால் மீன்காரப் பெண்கள் கூட்டம். நிற்கக்கூட இடமில்லை.

"கேன்ல இன்னா வெச்சிகிற? கள்ளா?" என்றாள் ஒருத்தி.

"எம் பொண்ணு மூத்திரம்," என்றாள் அம்மா.

பெட்டியே சிரித்தது. ஆனால் இருக்கையில் பாதி காலியாகிவிட்டது. நானும் அம்மாவும் கால் நீட்டி உட்கார்ந்து சென்னை போய்ச் சேர்ந்தோம்.

முடிவு சொன்ன அன்றைக்கு டாக்டரம்மா மறுபடியும் சந்தோஷமாக இருந்தார். எனக்கும் அதே நோய்தானாம். கண்ணில் வளையம் இன்னும் வரவில்லை, கையில் நடுக்கம் இல்லை, நடை நேராக இருக்கிறது. "மூளைக்குப் போறதுக்கு முன்னாடியே புடிச்சிட்டோம். தம்பி வந்ததாலதான் இது நமக்குத் தெரிஞ்சது," என்றார். எனக்கு அவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. நல்லா இருக்கிற பிள்ளையைப் பார்த்து நோயாளி என்கிறாரே என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன்.

காய்ந்த தலையணை

மாத்திரை ஆரம்பித்த முதல் சில வாரம் மணியின் நடுக்கம் கூடியது. அப்படி ஆகலாம், பயந்து நிறுத்திவிடாதீர்கள் என்று டாக்டரம்மா முன்னாலேயே சொல்லியிருந்தார். டச்சுக்காரனுக்குக் கோபம் என்று மந்திரக்காரர் சொல்லி அனுப்பினார். "கோவமிருந்தா அவன் ஊருக்குப் போவச் சொல்லு," என்று அம்மா பதில் அனுப்பினாள். நண்டு பிடிக்கிறவன் வீட்டில் நண்டு வாசமே இல்லையே என்று தெரு கிண்டல் செய்தது. நைனா பிடித்ததை அப்படியே கரையில் விற்றுவிட்டு மடவை வாங்கி வந்தார்.

பிறகு ஒரு காலையில் மணியின் தலையணை காய்ந்திருந்தது. எச்சில் இல்லை. அம்மா அந்தத் தலையணையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், "தொட்டுப் பாரு, நீயும் தொட்டுப் பாரு," என்று எல்லோர் கையையும் பிடித்து வைத்துப் பார்க்கச் சொன்னாள். அன்றைக்கு எங்கள் தெருவில் ஒரே ஆரவாரம். அடுத்து அவனே சட்டைப் பொத்தானைப் போட்டான், கடைசிப் பொத்தான் மட்டும் ஓட்டை மாறிவிட்டது. அடுத்து "நைனா" என்றான், பக்கத்து வீட்டுக்காரர்தான் முதலில் திரும்பிப் பார்த்துச் சிரித்தார், அவருக்கும் புரிந்துவிட்டதே என்று. ஒவ்வொரு வாரமும் ஒரு புதுச் செய்தி.

எனக்கு மட்டும் ஒரு செய்தியும் இல்லை. முன்னாலும் நன்றாக இருந்தேன், இப்போதும் நன்றாக இருந்தேன். நடுவில் இந்த மாத்திரை. வெறும் வயிற்றில் விழுங்க வேண்டும். அழுகின முட்டை மாதிரி நாறும். விழுங்கிவிட்டுச் சோற்றுக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு காலையில் மாத்திரையைத் தட்டில் வைத்துவிட்டு, போட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

"எனக்கு ஒண்ணியும் இல்ல. அவனுக்குத்தான் நோவு, அவன் போடட்டும்."

அம்மா கெஞ்சினாள். நைனா கையை ஓங்கிவிட்டு இறக்கிக்கொண்டார். நான் அசையவில்லை. மணி தன் மாத்திரையை விழுங்கிவிட்டு எழுந்தான். சுவரைப் பிடிக்காமல் நடந்து வந்து என் எதிரே உட்கார்ந்தான். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினான்.

"எனக்குத் தெரியாம வந்துச்சுக்கா. உனக்குத் தெரிஞ்சும் வரணுமா?"

வீட்டில் எல்லோருக்கும் புரிந்தது. அம்மா என் பக்கம் திரும்பி, அவன் என்ன சொல்கிறான் என்று கேட்கவில்லை.

மணி தண்ணீர்த் தம்ளரை எடுத்து என்னிடம் நீட்டினான். அவன் கை நடுங்கி, பாதித் தண்ணீர் என் பாவாடையில் கொட்டியது. மீதித் தண்ணீரில் விழுங்கினேன். இன்று வரை என் கை நடுங்கியதில்லை.